அடுக்குவதும் அழிப்பதும்

ஒரு கிராமத்தில் எந்த நிலம் யாருடையது, அதில் என்ன விளைகிறது, அதற்குத் தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்து ஒரே செய்தித் தொகுதி. தமிழ்நாட்டு வருவாய்த்துறை அதை ஒரே இடத்தில் எழுதிவைக்கவில்லை. 'அ' பதிவேடு புல எண் வரிசையில் நிற்கும். வயலைச் சொன்னால் பட்டாதாரரைக் காட்டும். சிட்டா பட்டா வரிசையில் நிற்கும். பட்டாதாரரைச் சொன்னால் அவருக்குள்ள வயல்களையெல்லாம் காட்டும். அடங்கல் பசலி வாரியாக நிற்கும். ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை அந்த வயலில் என்ன பயிர் இருந்தது என்று காட்டும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தியில் சரிபார்த்தார்கள். எந்தக் கேள்வி அடிக்கடி வருமோ அந்தக் கேள்விக்கேற்ற வரிசையில் கணக்கை அடுக்கிவைக்கும் கலை, கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கிராமக் கணக்கரான கர்ணத்தின் கைக்குப் பழகியிருந்தது. எதை வைப்பது என்ற தருக்க மாதிரியை, எப்படி வைப்பது என்ற பௌதிக வடிவமைப்பாக மாற்றுவது என்று தரவுத்தளத் துறையில் இன்று அழைக்கப்படும் வேலை இதுதான். எந்திரத்தின் உள்விவகாரம் என்று அதைத் தொழில்நுட்பக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம். நிலம், ரேஷன், ஓய்வூதியம் என்று வாழ்க்கையின் பெரும்பகுதி அட்டவணைகளுக்குள் போய்விட்ட காலத்தில், அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் சில முடிவுகள் பொதுவில் எடுக்கப்பட வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தருக்கம், பௌதிகம் என்ற இந்த இரண்டு அடுக்குகளையும் பிரித்தது ஒரு பெரிய சிந்தனை. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து எட்கர் காட் எழுதிய கட்டுரை, தகவலைப் பயன்படுத்துகிறவர் அது எந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிய வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது என்று வாதிட்டது. 1975-இல் ஆன்ஸி-ஸ்பார்க் என்ற தரநிலைக் குழு, பயனர் காணும் அடுக்கு, கருத்து அடுக்கு, சேமிப்பு அடுக்கு என்று மூன்றாக வகுத்தது. 1976-இல் பீட்டர் சென், பொருள்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் படமாக வரையும் முறையைத் தந்தார். டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற கவலையில்லாமல் உலகைப் பற்றி யோசிக்க இவை வழி செய்தன. அவற்றின் நிழலில் ஒரு பழக்கமும் வளர்ந்தது. படம் வரையும் கட்டத்தில் அதிகாரிகளும் துறை வல்லுநர்களும் கூடிப் பேசுகிறார்கள். படத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அட்டவணையின் எந்தப் பத்திக்கு எத்தனை எழுத்து, எத்தனை தசமம், எது முதன்மை அடையாளம், பழைய மதிப்பு என்னவாகும் என்ற கேள்விகளுக்கெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு புரோகிராமர் விடை எழுதுகிறார்.

அந்தத் தனி மேசையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கக் குருபரப்பள்ளி பொருத்தமான இடம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், கேழ்வரகும் மாவும் விளைந்த மண்ணில், இப்போது சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. இதே சாலையில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகம். அங்கே நிலக்கணக்கின் தலையாய ஆவணம் பஹணி. உரிமை, குத்தகை, பயிர் மூன்றையும் அது ஒரே தாளில் வைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டி 'பூமி' திட்டத்தில் சுமார் 67 லட்சம் உடைமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடிப் பஹணிகள் கணினிக்குள் போனபோதும் அந்தச் சேர்க்கை கலையவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் உரிமை ஒரு பதிவேட்டிலும் பயிர் வேறொரு பதிவேட்டிலும் இருக்கின்றன. அங்கே ஏக்கரும் குண்டாவும். இங்கே பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஒரே மண், ஒரே விதமான விவசாயி, ஒரே தருக்கம். அடுக்கிய விதம் மட்டும் வேறு. பயிர்க்கடன் கேட்டு வருகிறவரின் உரிமையையும் பயிரையும் ஒருசேரப் பார்க்க விரும்பும் வங்கிக்கு அந்தப் பக்கத்து அடுக்கு வசதி. ஆண்டுதோறும் மாறும் பயிரை, எப்போதாவது மாறும் உரிமையைத் தொடாமல் எழுத இந்தப் பக்கத்து அடுக்கு வசதி. இதில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு கேள்வியை எளிதாக்கி இன்னொன்றைக் கடினமாக்குகிறது என்று மட்டும் சொல்லலாம்.

எந்திரத்துக்குள்ளும் இதே நியாயம்தான். தரவுத்தளம் டிஸ்க்கிலிருந்து ஒரு வரியை மட்டும் தனியாக எடுப்பதில்லை. பக்கம் பக்கமாக எடுக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி-யில் 16 கிலோபைட். அடுத்தடுத்து அடுக்கியவை சேர்ந்து வரும். சிதறிக் கிடப்பவற்றுக்காகப் பல பக்கங்களைப் புரட்ட வேண்டும். புல எண் வரிசையில் அடுக்கிய அட்டவணையில் ஒரு பட்டாதாரரின் வயல்களைத் தேட, பட்டா எண்ணுக்கென்று தனி இண்டெக்ஸ் வேண்டும். சிட்டா செய்தது அதைத்தான். இண்டெக்ஸுக்கு விலையும் உண்டு. பட்டா மாறுதல் ஒவ்வொன்றின்போதும் அட்டவணையோடு சேர்த்து அதன் எல்லா இண்டெக்ஸையும் திருத்தியாக வேண்டும். கர்ணமும் ஒரு மாறுதலுக்கு இரண்டு பதிவேடுகளைத் திறந்து எழுதினார். ஆகவே எல்லாக் கேள்விக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாம் என்பது நடக்காத காரியம். எதை வேகமாக்குவது என்று தேர்ந்தே ஆகவேண்டும்.

அந்தத் தேர்வின் விளைவு சிறியது என்று நினைப்பவர்கள் நில உச்சவரம்புச் சட்டத்தின் கதையை நினைத்துப்பார்க்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. இந்தச் சட்டம் கேட்ட கேள்வி: ஒரு குடும்பத்துக்கு மாநிலம் முழுக்க மொத்தம் எவ்வளவு நிலம்? கிராமக் கணக்கின் அடுக்கில் அந்தக் கேள்விக்கு விடை எளிதில் கிடைக்கவில்லை. பட்டா எண் அந்தந்தக் கிராமத்துக்குள் மட்டுமே பொருள் தரும். ஐந்து ஊர்களில் நிலம் வைத்திருந்தவர் ஐந்து சிட்டாக்களில் ஐந்து வேறு ஆட்களாக இருந்தார். அரசு உடைமையாளர் தாமே தாக்கல் செய்யும் விவரத்தைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் தளர்ந்ததற்குப் பினாமி, விதிவிலக்கு, அரசியல் என்று பல காரணங்கள் உண்டு. கணக்கு அடுக்கப்பட்டிருந்த வரிசையும் அவற்றில் ஒன்று. இன்றும் இணையத்தில் பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்கி, பிறகு பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுக்கிறோம். நிலத்தை விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அந்த வழி போதும். நிலம் யார் கையில் குவிந்திருக்கிறது என்று அறிய விரும்பும் சமூகத்துக்கு அது போதாது.

இதுவரை சொன்னவை எல்லாம் அடுக்கும் முடிவுகள். பௌதிக வடிவமைப்பில் இவற்றோடு கலந்து இன்னொரு வகையும் இருக்கிறது: அழிக்கும் முடிவுகள். அடுக்கும் முடிவு தவறினால் கேள்விக்கு விடை தாமதமாகும். நாளைக்கே புது இண்டெக்ஸ் கட்டிச் சரிசெய்யலாம். அழிக்கும் முடிவு தவறினால் விடையே இருக்காது. ஒரு பத்தியின் நீளம், தசமத்தின் அளவு, வைக்காமல் விட்ட பத்தி, புதிய மதிப்பு வந்ததும் பழையதன்மேல் எழுதிவிடும் வழக்கம் ஆகியவை இரண்டாம் வகை. இரண்டும் ஒரே மேசையில், ஒரே நாளில், ஒரே ஆளால் முடிவு செய்யப்படுகின்றன என்பதால் இரண்டும் ஒரே எடையுள்ளவை என்று தோன்றிவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறுவதுதான் நம் கணினிமயமாக்கலின் அடிப்படைக் குறை என்பேன்.

அருகில் வைத்துப் பார்ப்போம். நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இரண்டு தசமத்தோடு எழுதப்படுகிறது என்று கொள்வோம். 0.01 ஏர் என்பது ஒரு சதுர மீட்டர். அதற்குக் கீழே உள்ளதை அந்தப் பத்தி அறியாது. 1200 சதுர அடி மனை 111.48 சதுர மீட்டர்; பத்தியில் அது 1.11 ஏர் ஆகும்போது ஐந்து சதுர அடி காணாமல் போகிறது. 40 ஏர் வயலை மூன்று பங்காளிகள் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 13.33, கூட்டினால் 39.99. ஒரு சதுர மீட்டருக்கு உரிமையாளர் இல்லை. சர்வேயர் இதை ஒருவருக்கு 13.34 என்று எழுதிச் சரிக்கட்டுவார். உட்பிரிவுகளின் கூட்டுத்தொகை தாய்ப் புலத்தின் பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி அவர் மனதில் இருக்கிறது. தருக்க மாதிரியில் அது ஒரே வாக்கியம். பரவலாகப் புழங்கும் தரவுத்தளங்கள் பெரும்பாலானவற்றில் அதைப் பத்தியோடு சேர்த்து ஒரு சிறு நிபந்தனையாக எழுதிவிட முடியாது. தனியாக நிரல் எழுதிக் காவல் வைக்க வேண்டும். எழுத மறந்தால் அந்த விதி இல்லை. புல எண்ணும் அப்படித்தான். உட்பிரிவு 2 பிரிந்து 2ஏ ஆகும். அது பிரிந்து 2ஏ1 ஆகும். எண்ணாக வைத்தால் 2ஏ-வை உள்ளே விடாது. எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்தும்போது 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டாவது அடுக்குச் சிக்கல், சரிசெய்யலாம். முதலாவது நிலத்தையே மறுக்கும் சிக்கல்.

ஊர்ப் பெயரையும் பாருங்கள். குருபரப்பள்ளி என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் எட்டு. யூனிகோடில் அது 13 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 39 பைட். இதே பெயர் ஆங்கில எழுத்தில் 13 பைட்டில் முடிந்துவிடும். ஆங்கிலப் பெயரைப் பார்த்து 30 பைட் தாராளம் என்று ஒருவர் ஒதுக்கினால், சில தரவுத்தளங்கள் தமிழ்ப் பெயரை ஏற்க மறுக்கும். சில அமைப்புகளில் அது 'குருபரப்பள' என்று வெட்டுப்பட்டு உட்காரும். நீளத்தைப் பைட்டில் அளப்பதா குறியில் அளப்பதா என்பது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறுகிறது. ஆரக்கிளில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் பைட் கணக்குதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் சேர்ந்து வாழும் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பெயர்கள் நீளமானவை, பல வகையானவை, இனிஷியல் கொண்டவை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பத்தி வைக்கும் வெளிநாட்டு வார்ப்பு இங்கே ஒவ்வொரு ஆளையும் சிதைக்கும். வெட்டுப்பட்ட பெயரை வைத்து இரண்டு பட்டாவும் ஒருவருடையதா என்று பின்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விட்டுப்போன பத்தி இன்னும் கனமானது. கூட்டுப் பட்டாவில் பல பெயர்கள் இருக்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இருக்காது. நிலம் உழவில் இருக்கும்வரை வரப்பும் உறவும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டன. தொழிற்பூங்காவுக்காக, அதற்கென்றே உள்ள 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்படும்போது, இழப்பீட்டைப் பணமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிவருகிறது. அப்போது இல்லாத அந்தப் பத்தி சகோதரர்களுக்கிடையில் வழக்காக எழுந்து நிற்கிறது. அந்த நிலம் சிப்காட் பெயருக்கு மாறியபின் வேறொரு கேள்வி வருகிறது. சிப்காட் மனைகள் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒதுக்கப்படுகின்றன. உரிமையாளர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர், கடன் தருகிறவர் மூன்றாமவர். உழவர் ஒருவர், உடைமையாளர் ஒருவர் என்று எண்ணிச் செய்த அட்டவணைக்குள் இது அடங்காது. நஞ்சை, புஞ்சை, மற்றவை என்று பட்டாவில் இருக்கும் மூன்று கட்டங்களில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை 'மற்றவை' ஆகிறது.

அழிவில் கொடியது காலத்தை அழிப்பது. குருபரப்பள்ளி வட்டாரம் 1965 வரை சேலம் மாவட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். மண் நகரவில்லை. மாவட்டக் குறியீட்டை நிலத்தின் முதன்மை அடையாளத்துக்குள் வைத்துக் கட்டிய எந்த அமைப்பிலும், ஒரு மாவட்டம் பிரியும்போது ஒவ்வொரு வரியின் அடையாளமும் மாறும். பழைய பத்திரத்திலுள்ள எண் எந்த வரியையும் சுட்டாது. புவியியல் ஆயங்களை அடிப்படையாகக் கொண்டு 14 இலக்க நில அடையாள எண் இந்தியா முழுவதற்கும் கொண்டுவரப்படுவதன் நியாயம் இதுவே. நம் பழைய கணக்குக்கும் இந்த அறிவு இருந்தது. 'அ' பதிவேட்டில் புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் அடுத்தாற்போல் 'பழைய புல எண்' என்று ஒரு பத்தி இருக்கிறது. இந்த நிலம் முன்பு என்ன பெயரில் இருந்தது என்று பின்னால் ஒருவர் கேட்பார் என்பதை முன்கூட்டியே யோசித்தவர் வைத்த பத்தி அது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த பிழைகளுக்காக இன்றுவரை மக்கள் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனுக்களை விசாரிக்க முடிவதே, திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகள் காகிதமாக எஞ்சியிருப்பதால்தான். புதிய பெயரைப் பழைய பெயரின்மேல் எழுதிவிடும் அட்டவணை ஒன்று அன்றே இருந்திருந்தால், பிழையே உண்மையாகியிருக்கும். எஸ்கியூஎல் தரநிலை 2011-லேயே காலத்தோடு வரிகளைச் சேமிக்கும் முறையைச் சேர்த்துக்கொண்டது. கருவி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் குரல்தான் இல்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது: மாதிரியைக் கொடுத்தால் பொத்தானை அழுத்தியதும் அட்டவணைகளை மென்பொருளே உருவாக்கித் தருகிறது, இண்டெக்ஸ் எங்கே வேண்டும் என்பதையும் வரும் கேள்விகளைக் கவனித்துத் தானே முடிவு செய்யும் தரவுத்தளங்கள் வந்துவிட்டன, மனிதர் கூடிப் பேச என்ன இருக்கிறது? அடுக்கும் முடிவுகளைப் பொறுத்தவரை இது உண்மை, எந்திரமே செய்யட்டும். ஆனால் எந்திரம் கற்பது வந்த கேள்விகளிலிருந்து. பங்கு என்ற பத்தி இல்லாத அட்டவணையிடம் யாரும் பங்கு கேட்கப்போவதில்லை. ஆகவே அந்தக் குறையை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. தானியக்கம் வளர வளர, மனிதர் கவனிக்க வேண்டிய இடம் அழிக்கும் முடிவுகள்தான் என்பது இன்னும் தெளிவாகிறது.

இரண்டாவது மறுப்பு: சேமிப்பு மலிந்துவிட்டது, எதையும் வரையறுக்காமல் வந்தது வந்தபடி வைத்துக்கொண்டால் எதுவும் அழியாதே. வரையறையில்லாமல் வைப்பதும் ஒருவகை அழிவு. ஒருவர் 40 செண்ட் என்றும், ஒருவர் 16.19 என்றும், ஒருவர் அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்றும் எழுதிய பத்தியைக் கூட்ட முடியாது. கூட்ட முடியாத கணக்கில் ஜமாபந்தி நடத்த முடியாது. பரப்பு என்றால் இன்ன அலகு, இன்ன தசமம், தாயும் பிள்ளையும் சமம் என்ற கட்டுப்பாடுகள் எந்திரத்தின் வசதிக்காக வந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். அவை ஒரு சமூகம் தனக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் எழுத்துவடிவம்.

மூன்றாவது மறுப்பு கனிவானது: பழையதையெல்லாம் வைத்திருந்தால் மக்களின் அந்தரங்கம் என்னாவது, அமைப்பின் வேகம் என்னாவது? வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு. இன்றைய நிலையை மட்டும் அனைவருக்கும் காட்டலாம். வரலாற்றைத் தனிப் பகுதியில், பசலி வாரியாகப் பிரித்து, உரிமையுள்ளவர் கேட்டால் மட்டும் திறக்கலாம். கைபேசி எண், ஆதார் எண் போன்றவை தேவை முடிந்ததும் அகற்றப்படலாம். நிலத்தின் உரிமை வழி அப்படிப்பட்டதன்று. நிலம் வாங்குகிற எவரும் பட்டாவோடு நிற்காமல் வில்லங்கச் சான்றும் கேட்பது, இன்றைய நிலை மட்டும் போதாது, வந்த வழியும் தெரிய வேண்டும் என்ற பொது அறிவால்தான். அந்தப் பொது அறிவுக்குத் தரவுத்தளத்தில் இடம் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

செய்ய வேண்டியது பெரிதில்லை. பொதுமக்களின் தகவலைத் தாங்கும் எந்த அமைப்பும், அட்டவணைகள் கட்டப்படுவதற்கு முன், ஓர் எளிய பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும்: எந்தெந்தப் பத்திகள் இருக்கும், எது எத்தனை நுண்மையில் சேமிக்கப்படும், எது மாறும்போது பழைய மதிப்பு அழியும், காகிதத்தில் இருந்த எது கணினியில் இருக்காது. அந்தப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக்கொடுப்பவரும் படித்து ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் கொடுக்க வேண்டும். இண்டெக்ஸ் பற்றி அவர்களிடம் கேட்கத் தேவையில்லை. தங்கள் மேசைக்கு என்னென்ன கேள்விகள் வருகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும், அது போதும். அடுக்கும் முடிவுகளைப் பொறியாளர்களிடம் விடலாம். அழிக்கும் முடிவுகளை அவர்களிடம் மட்டும் விடக்கூடாது.